கைவிட்ட சுரங்கத்திலிருந்து வடியும் விஷ நீர்: எப்படி உண்டாகிறது, எப்படிச் சுத்தம் செய்கிறார்கள்?

அருங்காட்சியகங்களில் கனிம மாதிரிகளைப் பாதுகாப்பவர்களுக்கு ஒரு பழைய தொல்லை உண்டு. தங்கம் போலப் பளபளக்கும் பைரைட் கல்லைப் பெயர்ச்சீட்டோடு ஒரு பெட்டியில் வைத்து இழுப்பறையை மூடிவிட்டுப் போகிறார்கள். அறையில் ஈரப்பதம் கொஞ்சம் கூடினாலும் போதும், சில வருடங்கள் கழித்துத் திறந்தால் கல் விரிசல் விட்டிருக்கும், மேலே வெளுத்த பொடி பூத்திருக்கும், கந்தக நெடி மூக்கில் ஏறும். அடியில் இருந்த பெயர்ச்சீட்டு நெருப்புப் பட்டது போலப் பழுப்பாகி, தொட்டால் உதிரும். யாரும் அதன் மேல் அமிலத்தைக் கொட்டவில்லை. கல்லே காற்றையும் காற்றில் இருந்த ஈரத்தையும் எடுத்துக்கொண்டு கந்தக அமிலத்தை உண்டாக்கிக்கொண்டது.

இதே கல் பொடிப்பொடியாக உடைபட்டு, லட்சக்கணக்கான டன் குவியலாக, ஒரு மலைச்சரிவில் மழையில் நனைந்துகொண்டு கிடந்தால் என்ன ஆகும்? அதுதான் இங்கே விஷயம். ஆங்கிலத்தில் நீளமான பெயர்கள் இருக்கின்றன, நாம் சுருக்கமாக அமிலச் சுரங்க நீர் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில், இந்தக் கல் பூமிக்குள் இருக்கும்வரை ஏன் சும்மா இருக்கிறது? காரணம் எளிது, அங்கே காற்று இல்லை. பாறை இறுக்கமாக இருக்கிறது, நிலத்தடி நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. செம்பு, துத்தநாகம், ஈயம், தங்கம், நிலக்கரி என்று எதைத் தோண்டினாலும் கூடவே பைரைட் வருவது சகஜம். அது இரும்பும் கந்தகமும் சேர்ந்த கல். தேவையான உலோகத்தை எடுத்துக்கொண்டு, வேண்டாத பாறையை வாசலிலேயே கொட்டிவிடுகிறார்கள், உலோகம் பிரிப்பதற்காக மாவு போல அரைத்த மிச்சத்தையும் குட்டையாகத் தேக்கி வைத்துவிடுகிறார்கள். உடைப்பதும் அரைப்பதும்தான் சிக்கலின் வேர். ஒரு மீட்டர் கனசதுரப் பாறைக்கு வெளிப்பரப்பு 6 சதுர மீட்டர். அதையே ஒரு மில்லிமீட்டர் துண்டுகளாக்கினால் 6,000 சதுர மீட்டர். காற்றும் நீரும் தொடுவதற்கு ஆயிரம் மடங்கு இடம் கிடைத்துவிட்டது.

இனி வேதியியல், ஆனால் பயப்பட வேண்டாம், கொஞ்சம்தான். காற்றும் நீரும் பைரைட்டைத் தொட்டதும் கந்தகம் கந்தக அமிலமாகிறது, இரும்பு கரைந்து நீரில் இறங்குகிறது. ஒரு கிலோ பைரைட் முழுதாகச் சிதைந்தால் ஏறக்குறைய 1.6 கிலோ கந்தக அமிலம் வரும், ஏனென்றால் காற்றின் ஆக்சிஜனும் நீரும் எடையில் சேர்ந்துகொள்கின்றன. கரைந்த இரும்பு இன்னொரு முறை ஆக்சிஜனோடு சேர்ந்து வேறு வடிவத்துக்கு மாறினால், அந்த இரும்பே பைரைட்டைத் தின்ன ஆரம்பிக்கும், அதுவும் ஆக்சிஜனை விட வேகமாக. நல்லவேளையாக அமில நீரில் இந்த இரண்டாவது மாற்றம் மிக மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் அங்கேதான் ஒரு பாக்டீரியா நுழைகிறது. 1947இல் நிலக்கரிச் சுரங்க நீரிலிருந்து முதலில் பிரித்தெடுக்கப்பட்டது, இன்றைய பெயர் அசிடிதியோபாசில்லஸ் ஃபெரோஆக்சிடன்ஸ். மற்ற உயிர்கள் சாகும் அமிலத்தில் அது சுகமாக வாழும், இரும்பை மாற்றுவதிலிருந்தே தனக்கு வேண்டிய ஆற்றலை எடுத்துக்கொள்ளும். அது புகுந்துவிட்டால் அந்த மெதுவான படி சுமார் பத்து லட்சம் மடங்கு வேகமாகும் என்று 1970இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆக, ஒருமுறை பற்றிக்கொண்டால் இது அணையாமல் தானே ஊதிக்கொள்ளும் அடுப்பு.

எவ்வளவு கடுமையாகும் என்பதற்கு அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் அயர்ன் மவுன்டன் சுரங்கத்தைச் சொல்லலாம். நீரின் அமிலத்தன்மையை பிஎச் என்ற அளவுகோலில் சொல்வார்கள், 7 என்றால் நடுநிலை, ஒவ்வொரு எண் கீழே இறங்கும்போதும் அமிலம் பத்து மடங்கு கூடும். எலுமிச்சைச் சாறு கிட்டத்தட்ட 2. அயர்ன் மவுன்டனுக்குள் எடுத்த ஒரு மாதிரியில் அளவு பூஜ்யத்தையும் தாண்டிக் கீழே போய் மைனஸ் 3.6 காட்டியது. அங்கே 1860களில் தோண்டத் தொடங்கி 1963இல் நிறுத்தினார்கள். தோண்டுவது நின்றதே தவிர அமிலம் நிற்கவில்லை. மலைக்குள் மிச்சமிருக்கும் தாது தீர இன்னும் சுமார் 3,000 வருடம் ஆகலாம் என்று கணித்திருக்கிறார்கள். ஸ்பெயினின் ரியோ டின்டோ ஆற்றங்கரையில் சுமார் 5,000 வருடமாகச் சுரங்க வேலை நடந்திருக்கிறது, ஆறு இன்னும் செந்நிறமாக, பிஎச் 2 அளவில் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த நீண்ட காலக்கணக்கைத்தான் எல்லோரும் முதலில் மறந்துவிடுகிறார்கள், அதனால் அழுத்திச் சொல்கிறேன். எண்ணெய் கொட்டிய கடற்கரையைத் துடைப்பது போன்ற வேலை இல்லை இது.

சரி, அமிலம் மட்டும்தான் பிரச்சினையா? இல்லை. அமிலம் பக்கத்தில் இருக்கும் மற்ற கனிமங்களையும் கரைத்து செம்பு, துத்தநாகம், காட்மியம், ஈயம், ஆர்செனிக் எல்லாவற்றையும் நீரில் ஏற்றிக்கொண்டு போகிறது. இதில் பலருக்கும் புரியாத ஓர் இடம் உண்டு. குடிநீரில் செம்பு லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். ஆனால் ஓர் ஓடையில் அதில் நூற்றில் ஒரு பங்கு இருந்தாலே சில வகை மீன்களுக்குத் தாங்காது, ஏனென்றால் மீன் நாள் முழுக்கத் தன் செவுள் வழியாக அந்த நீரைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது, உலோகம் நேராகச் செவுளில் போய் ஒட்டி, உடம்பின் உப்புச் சமநிலையைக் குலைத்துவிடுகிறது. ஆகவே “குடிநீர்த் தரத்துக்குள்தான் இருக்கிறது” என்று யாராவது சொன்னால், மீன்களுக்கு அது பாதுகாப்பு என்று அர்த்தமில்லை. காட்மியம் வேறு ரகம், அது மனிதர்களையே வாட்டும். ஜப்பானின் ஜின்சு ஆற்றில் காமியோகா சுரங்கத்திலிருந்து கலந்த காட்மியம் வயலுக்குப் போய், அரிசிக்குப் போய், சாப்பிட்டவர்களின் சிறுநீரகத்தைக் கெடுத்து, எலும்பை முறியும்படி மென்மையாக்கியது. வலி தாங்காமல் அவர்கள் கதறிய சொல்லே நோய்க்குப் பெயரானது, இத்தாய் இத்தாய். வலிக்கிறது, வலிக்கிறது என்று பொருள். 1968இல்தான் அந்நாட்டு அரசு அதைச் சுரங்க மாசினால் வந்த நோய் என்று ஏற்றுக்கொண்டது. இதைப் படித்த பிறகு காட்மியம் என்ற சொல்லை வெறும் ஆய்வக எண்ணாக என்னால் பார்க்க முடிவதில்லை.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாதிக்கப்பட்ட ஓடை என்றால் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும் என்று நினைப்போம். அந்த ஆரஞ்சு, இரும்பு கரைசலிலிருந்து வெளியே வந்து துரு போலப் படிவது. நீர் கடுமையான அமிலமாக இருந்தால் இரும்பு கரைந்தபடியே இருக்கும், ஓடை தெளிவாகத் தெரியலாம். துத்தநாகத்துக்கும் காட்மியத்துக்கும் நீரில் நிறமே கிடையாது. அடிமணல் தெரியும் அளவுக்குத் தெளிந்த நீரில் ஒரு பூச்சிகூட இல்லை என்றால் அதைத்தான் அதிகம் சந்தேகிக்க வேண்டும்.

இனிச் சுத்தம் செய்வது. இதை இரண்டு வேலையாகப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் வராது: அமிலம் உண்டாவதைக் குறைப்பது ஒன்று, உண்டாகி வடியும் நீரைக் கழுவுவது இன்னொன்று. என் அபிப்பிராயத்தில் முதல் வேலைக்குச் செலவிடும் பணம்தான் நல்ல பணம், ஆனால் நடைமுறையில் இரண்டாவதில்தான் எல்லோரும் தொடங்குகிறார்கள், ஏனென்றால் வாசலில் வடிவதுதான் கண்ணுக்குத் தெரிகிறது.

அமிலம் உண்டாக பைரைட், காற்று, நீர் மூன்றும் வேண்டும். ஒன்றைத் தடுத்தால் போதும். மிக மலிவான வேலை, குவியலுக்கு மேல்புறத்தில் ஒரு கால்வாய் வெட்டி, மலையிலிருந்து வரும் நல்ல மழைநீரைக் குவியலைத் தொடாமல் சுற்றிக் கொண்டுபோய் விடுவது. கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் கழுவ வேண்டிய நீரின் அளவே குறைந்துவிடுகிறது. அடுத்தது மூடுவது. குவியலைச் சாய்வு குறைத்துச் சீராக்கி, மேலே களிமண்ணோ கெட்டியான பிளாஸ்டிக் விரிப்போ போட்டு, அதன் மேல் மண் பரப்பிப் புல் வளர்ப்பார்கள். செடிகள் உலோகத்தை உறிஞ்சி எடுத்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள், அப்படி எடுப்பது மிகச் சொற்பம். செடியின் உண்மையான வேலை மண்ணைப் பிடித்துவைப்பதும், மழைநீர் கீழே இறங்கும் முன் வேரால் உறிஞ்சி ஆவியாக விடுவதும்தான். அரைத்த கழிவாக இருந்தால் இன்னொரு வழி, அதை நிரந்தரமாக நீருக்கடியில் வைத்துவிடுவது. முரணாகத் தோன்றும், ஆனால் நீரில் கரையும் ஆக்சிஜன் மிகக் குறைவு, அதுவும் கீழே போய்ச் சேர வெகு நேரம் ஆகும், ஆகவே நீர் ஒரு மூடியாகிவிடுகிறது. அணை உடையாமல் காலாகாலத்துக்கும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அதன் விலை.

சுரங்க வாசலை கான்கிரீட்டால் அடைத்துவிட்டால் தீர்ந்ததே என்று கேட்கலாம். சில இடங்களில் அது பயன்படுகிறது, உள்ளே நீர் நிறைந்து பாறை மூழ்கினால் காற்று போகாது. ஆனால் நீர் வேறு வழி தேடும். இங்கிலாந்தின் கார்ன்வாலில் வீல் ஜேன் வெள்ளீயச் சுரங்கம் 1991இல் மூடப்பட்டு, பம்புகள் நிறுத்தப்பட்டன, உள்ளே நீர்மட்டம் ஏறிக்கொண்டே வந்தது, 1992 ஜனவரியில் ஒரு பழைய சுரங்கவழியை உடைத்துக்கொண்டு உலோகம் நிறைந்த நீர் ஆற்றில் பாய்ந்து கழிமுகம் வரை ஆரஞ்சாக்கியது. அமெரிக்காவில் கொலராடோவின் கோல்ட் கிங் சுரங்கத்தில் 2015 ஆகஸ்ட் 5 அன்று, அந்நாட்டு அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்காக வேலை செய்த குழு மண் மூடிய வாசலைத் தோண்டிக்கொண்டிருந்தபோது உள்ளே தேங்கியிருந்த நீர் பீறிட்டு, ஒரு கோடி லிட்டருக்கும் மேல் அனிமாஸ் ஆற்றில் இறங்கியது. சுத்தம் செய்யப் போன இடத்திலேயே நடந்தது அது. அடைப்பதற்கு முன்னும் திறப்பதற்கு முன்னும் உள்ளே எவ்வளவு நீர், எவ்வளவு அழுத்தம் என்று துளையிட்டு அளக்க வேண்டும் என்பதை இந்தத் துறை இப்படிப் பட்டுத்தான் கற்றுக்கொண்டது.

இரண்டாவது வேலை, நீரைக் கழுவுவது. இதில் மூத்த வழி சுண்ணாம்பு. ஒரு கண்ணாடிக் குடுவையில் சுரங்க நீரை எடுத்துக்கொண்டு, நீற்றுச் சுண்ணாம்புப் பாலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கிப் பாருங்கள், அதாவது மனதில். பிஎச் 3.5ஐத் தாண்டும்போது நீர் திடீரென்று கலங்கி, துரு நிறத்தில் பஞ்சு போன்ற திரிகள் மிதக்கும், அது இரும்பு. அந்தத் திரிகளோடு ஆர்செனிக்கும் ஒட்டிக்கொண்டு இறங்கிவிடும், அந்த வகையில் இரும்பு உதவிதான் செய்கிறது. 5 பக்கம் வரும்போது அலுமினியம் வெள்ளையாகப் படியும். 6, 7ஐத் தாண்டுகையில் செம்பு. துத்தநாகத்துக்கு 9 பக்கம் போக வேண்டும், காட்மியத்துக்கும் மாங்கனீசுக்கும் இன்னும் மேலே. ஆனால் 9க்கு மேல் போனால் முன்பு படிந்த அலுமினியம் மறுபடி கரையத் தொடங்கும். ஒவ்வொரு உலோகத்துக்கும் ஒரு படி, எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே படி கிடையாது. அதனால்தான் நீரில் என்னென்ன இருக்கிறது என்று தெரியாமல் யாரும் நல்ல திட்டம் போட முடியாது. இன்னொரு நுணுக்கம், நிலத்தடியிலிருந்து வரும் நீரில் இரும்பு பெரும்பாலும் அந்த இரண்டாவது மாற்றம் நடக்காத வடிவத்தில் இருக்கும், அது 3.5இல் படியாது, முதலில் காற்றடித்து மாற்ற வேண்டும். அதற்காகத்தான் ஆலைகளில் நீரைக் கொப்பளிக்க விடுகிறார்கள்.

சுண்ணாம்பு ஆலை நிச்சயமாக வேலை செய்யும். அயர்ன் மவுன்டனில் 1990களிலிருந்து அதைத்தான் ஓட்டுகிறார்கள், சாக்ரமென்டோ ஆற்றுக்குப் போகும் செம்பும் துத்தநாகமும் பெருமளவு குறைந்திருக்கின்றன. தொல்லை, சேறு. படிந்த உலோகச் சேற்றில் ஆரம்பத்தில் நூற்றுக்கு 95 பங்குக்கும் மேல் நீர்தான், கையில் எடுத்தால் கஞ்சி போல விரலிடுக்கில் வழியும். இதற்கு ஓர் அழகான தந்திரம் கண்டுபிடித்தார்கள்: படிந்த சேற்றில் ஒரு பங்கைத் திருப்பி எடுத்து, புதுச் சுண்ணாம்போடு கலந்து மறுபடி தொட்டியில் விட்டால், புதிய உலோகம் பழைய துகளின் மேலேயே படிந்து துகள் கனமாகும், சேற்றில் திடப்பொருள் 20 சதவீதத்துக்கும் மேல் போகும். லாரிகளின் எண்ணிக்கை பல மடங்கு குறையும். அப்படியும் அந்தச் சேற்றை எங்கோ வைக்கத்தான் வேண்டும். அயர்ன் மவுன்டனில் அதே மலையில் இருந்த பழைய திறந்தவெளிச் சுரங்கக் குழியில் வைக்கிறார்கள்.

ஆலைக்கு மின்சாரம், ஆள், சுண்ணாம்பு எல்லாம் தினமும் வேண்டும். உரிமையாளர் இல்லாமல் போன, சாலைகூட இல்லாத ஒரு மலைச் சுரங்கத்துக்கு அது கட்டுப்படியாகாது. அங்கேதான் தானாக ஓடும் முறைகள் வருகின்றன. எளிமையானது, நீரைச் சுண்ணாம்புக்கல் ஜல்லி நிரப்பிய வாய்க்காலில் ஓட விடுவது. கல் கரைந்து அமிலத்தை ஆற்றும். ஆனால் சில மாதம் கழித்து அந்த வாய்க்காலிலிருந்து ஒரு கல்லை எடுத்துப் பாருங்கள், சுற்றிலும் ஆரஞ்சுப் பொருக்கு பிடித்திருக்கும், சுத்தியலால் உடைத்தால் உள்ளே வெள்ளைக் கல் அப்படியே இருக்கும். பொருக்கு கவசமாகி நீரைக் கல்லைத் தொட விடவில்லை. இதைத் தவிர்க்க, காற்றே படாதபடி ஜல்லியைப் பூமிக்கடியில் புதைத்து, நீரை அதன் வழியே விடுவார்கள். காற்று இல்லாததால் இரும்பு படியாது, கல் சுத்தமாகக் கரையும், நீர் மேலே வந்து ஒரு குளத்தில் காற்றைத் தொட்டதும் இரும்பு அங்கே படியும். எங்கே படிய வேண்டும் என்பதை நாம் முடிவு செய்கிறோம், அவ்வளவுதான் வித்தை. அலுமினியமோ ஆக்சிஜனோ அதிகமுள்ள நீருக்கு இது ஒத்துவராது, ஜல்லி அடைத்துக்கொள்ளும்.

சுண்ணாம்புக்கல்லுக்கு ஒரு வரம்பும் உண்டு. அது பிஎச்சை 7 பக்கம்தான் ஏற்றும், துத்தநாகத்தையும் காட்மியத்தையும் முழுதாக இறக்க அது போதாது. அதற்கு எனக்கு மிகவும் பிடித்த முறை ஒன்று இருக்கிறது. சாணம், மரச்சீவல், வைக்கோல், சுண்ணாம்புக்கல் எல்லாம் கலந்து ஒரு பெரிய தொட்டியை நிரப்பி, அதன் வழியாக நீரை மெல்ல ஊற விடுவார்கள். உள்ளே ஆக்சிஜன் தீர்ந்துபோகும், அந்த இருட்டில் வேறொரு வகை பாக்டீரியா பெருகும். முதல் பாக்டீரியா கந்தகக் கல்லைச் சிதைக்க உதவியது அல்லவா, இது நேர் எதிர். மரச்சீவலைத் தின்று, நீரில் கரைந்திருக்கும் சல்ஃபேட்டை, அதாவது கந்தக அமிலத்திலிருந்து வந்த, ஆக்சிஜனோடு சேர்ந்த கந்தகத்தை, திரும்பவும் ஆக்சிஜன் நீங்கிய சல்ஃபைடாக மாற்றும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். அந்தச் சல்ஃபைடு துத்தநாகத்தையும் காட்மியத்தையும் செம்பையும் பிடித்து, திடத் துகளாக இறக்கிவிடும். அதாவது சுரங்கத்திலிருந்து கல்லாக வெளியே வந்தது, மறுபடி ஏறக்குறைய அதே கல்லாகிறது. கனடாவின் சட்பரிக்குப் பக்கத்தில் நிக்கல் ரிம் என்ற இடத்தில் 1995இல் இதையே நிலத்தடியில் செய்தார்கள், மாசுபட்ட நிலத்தடி நீர் போகும் பாதையில் ஒரு பள்ளம் வெட்டி மக்கும் பொருளை நிரப்பி, நீர் அதைக் கடந்து போகும்படி ஒரு சுவர் போல வைத்தார்கள்.

தானாக ஓடும் என்றால் யாரும் பார்க்க வேண்டாம் என்று நினைத்துவிடக் கூடாது. மரச்சீவல் தீரும், அடைப்பு விழும், குளிர்காலத்தில் பாக்டீரியா சோம்பும். பத்துப் பதினைந்து வருடத்தில் உள்ளே இருப்பதை அள்ளிவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டியிருக்கும், அள்ளியது நச்சுக் கழிவு. கட்டியவர்கள் புகைப்படம் எடுத்துக்கொண்டு போன பிறகு, அடைத்துக்கொண்டு நீர் மேலேயே வழிந்தோடும் தொட்டிகள் இந்தத் துறையில் சாதாரணம், எனக்கு மிகுந்த வருத்தம் தருவது அதுதான். திட்டச் செலவில் பராமரிப்புப் பணம் எழுதப்படவில்லை என்றால் அந்தத் திட்டம் முழுமையானதே இல்லை.

பணம் என்றதும் சட்டமும் வந்துவிடுகிறது. அமெரிக்காவில் வெகு காலமாக ஒரு விசித்திரமான நிலை இருந்தது: கைவிட்ட சுரங்கத்தைச் சுத்தம் செய்ய ஒரு தன்னார்வக் குழு முன்வந்து குழாயைத் தொட்டால், அந்த நீருக்கு அன்றிலிருந்து அவர்களே சட்டப்படி பொறுப்பாகிவிடும் அபாயம் இருந்தது. பாதி சுத்தம் செய்ததற்காக மீதிப் பாதிக்கு வழக்கைச் சந்திக்க யார் துணிவார்கள்? 2024 டிசம்பரில்தான், மாசுக்குக் காரணமாக இல்லாதவர்கள் அனுமதி பெற்றுச் சுத்தம் செய்யலாம் என்று, முதற்கட்டமாக 15 இடங்கள் வரை, ஒரு சட்டம் வந்தது. சேற்றை விற்றுச் செலவை ஈடுகட்டும் முயற்சியும் நடக்கிறது, ஓஹியோ பல்கலைக்கழகத்தில் நிலக்கரிச் சுரங்க நீரின் இரும்புப் படிவைக் காயவைத்து, சுட்டு, ஓவிய வண்ணப்பொடியாக்குகிறார்கள். எல்லா இடத்துக்கும் பொருந்தாது, ஆர்செனிக்கும் காட்மியமும் கலந்த சேற்றை யாரும் வண்ணமாக்க முடியாது. இரும்பு மட்டுமே பெரிதாக இருக்கும் இடங்களில் நல்ல வழி.

அப்புறம், சுத்தமாகிவிட்டது என்று எப்படித் தெரியும்? அளவுமானி ஒரு நாளின் கதையைச் சொல்லும். பெருமழையில் குவியலிலிருந்து ஒரு மணி நேரம் மட்டும் வந்து போகும் விஷத்தை அது தவறவிடலாம். ஆகவே ஓடையில் இறங்கி, கைக்கு அடங்கும் ஒரு கல்லைப் புரட்டி, அதன் அடிப்பக்கத்தைப் பார்ப்பார்கள். மேஃப்ளை என்றொரு பூச்சி, அதன் குஞ்சுகள் மாதக்கணக்கில், சில வகைகள் ஒரு வருடம் வரை, நீருக்கடியில் கல்லோடு தட்டையாக ஒட்டி வாழும், வயிற்றின் இருபுறமும் மெல்லிய செவுள்கள் துடித்துக்கொண்டிருக்கும், பின்னால் பெரும்பாலும் மூன்று வால் நூல்கள். உலோகம் கலந்த நீரில் முதலில் காணாமல் போகிறவற்றில் அவையும் அடக்கம். கீழ்ப்புறம் வெறும் ஆரஞ்சு வழுவழுப்பாக இருந்த ஓடையில், கல்லைப் புரட்டியதும் நகத்தளவு உயிர் ஒன்று வெளிச்சத்துக்குக் கூசி மறுபுறம் ஓடினால், அத்தனை மாதமாக அந்த நீர் நன்றாக இருந்திருக்கிறது.